பீட்டர்சன் கண்ட இடைவெளி

குடலிறக்கத்தை நம் பக்கத்து மக்கள் 'இரணியா' என்பார்கள். ஹெர்னியா என்னும் இலத்தீன் சொல் தமிழ் நாவில் பெற்ற உருவம் அது. தொடையிடுக்கிலோ தொப்புளிலோ புடைத்துக்கொண்டு கண்ணுக்குத் தெரியும் நோயாகவே அதனை அறிவோம். ஆனால் வெளியே எந்தப் புடைப்பும் காட்டாமல் வயிற்றுக்குள்ளேயே நேரும் குடலிறக்கமும் உண்டு. உடல் எடையைக் குறைக்கச் செய்யும் அறுவைக்குப் பின், மாதங்களோ ஆண்டுகளோ கழித்து இது தோன்றக்கூடும். எடைக்குறைப்பு அறுவையைவிட இந்நோயின் வரலாறு மூத்தது. அவ்வரலாற்றை ஒட்டிய ஒரு பகுதி தமிழ் மண்ணில், ஆரணிக்கு 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேலூர் வரை நீள்கிறது.

மிதமிஞ்சிய உணவு நம் இலக்கியத்துக்குப் புதிய பொருள் அன்று. மணிமேகலையில் காயசண்டிகை யானைத்தீ என்னும் தீராப் பசியால் 12 ஆண்டுகள் துன்புறுகிறாள். திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தில் பாதிக்கும் மேற்பட்ட குறள்கள் அறிந்து, அளவோடு உண்பதையே பேசுகின்றன. நம் முன்னோர் வயிற்றைச் சொல்லால் அடக்க முயன்றனர். இரைப்பையின் வழியையே கத்தியால் மாற்றும் துணிவு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் பிறந்தது.

1881இல் வியன்னாவில், பில்ராத்தின் உதவியாளரான வோல்ஃப்ளர் அடைபட்ட இரைப்பையைச் சிறுகுடலோடு நேரே இணைத்தார். 1890களில் லோசான் நகரத்து சீசர் ரூ குடலை வெட்டி 'ஒய்' எழுத்து வடிவில் இணைக்கும் முறையைப் பரப்பினார். உணவுக்குப் புதுவழி கிடைத்தது. கூடவே ஒரு புதுச் சிக்கலும் வந்தது. குடலைத் தாங்கி நிற்கும் மெல்லிய சவ்வு ஒன்றுண்டு. சிறுகுடலை மேலே தூக்கி இரைப்பையோடு தைக்கும்போது, அதன் சவ்வுக்கும் பெருங்குடலின் சவ்வுக்கும் நடுவே இயற்கையில் இல்லாத ஓர் இடைவெளி உண்டாகிறது. தறியில் பாவு இரண்டாகப் பிரிந்து வழிவிட, நாடா அதனூடே ஓடுவதை ஆரணியில் எவரும் அறிவர். அதுபோல் இவ்விடைவெளியில் குடல் நுழைந்துவிடலாம். நாடா மறுபுறம் சென்று மீளும்; குடலோ முறுக்கிக்கொண்டு அங்கேயே சிக்கும். 1900ஆம் ஆண்டு ஜெர்மானிய மருத்துவர் வால்டர் பீட்டர்சன் இதனை விவரித்து எழுதினார். அவ்விடம் இன்றும் 'பீட்டர்சன் இடைவெளி' என்றே வழங்குகிறது.

அதே 1900இல்தான் ஐடா ஸ்கடர் வேலூரில் ஒற்றைக் கட்டிலுடன் மருந்தகம் தொடங்கினார். அவர் குடும்பத்தார் நிறுவிய ஆற்காடு மிஷனின் நிலையங்களுள் ஆரணியும் ஒன்று. பிற்காலத்தில் அந்த வேலூர் நிறுவனத்துக்குப் பேராசிரியராக வந்தவர் தியோடர் ஹோவர்ட் சோமர்வெல். 1922, 1924 ஆண்டுகளில் எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற மலையேறி அவர். முதற்பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்கையில், அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த நெய்யூர் மிஷன் மருத்துவமனையின் கூட்டத்தையும் மருத்துவர் பற்றாக்குறையையும் கண்டு, இலண்டன் வாழ்வைத் துறந்து அங்கேயே பணிக்கு வந்துவிட்டார். அப்பகுதியில் முன்சிறுகுடற்புண் மிகுதி. இரைப்பையைச் சிறுகுடலோடு இணைப்பதே அன்றைய முதன்மையான அறுவை. அதில் அவர் பெரும்புகழ் பெற்றார். 1949 முதல் 1961 வரை வேலூரில் கற்பித்தார்.

1982இல் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் புண்ணுக்குப் பெரும்பாலும் ஒரு நுண்ணுயிரே காரணம் என்னும் உண்மைக்கு வழிதிறந்தனர். மாத்திரைகள் வந்தன, புண்ணுக்கான அறுவைகள் அருகின. ஆனால் அந்தத் தையல் மறையவில்லை, நோக்கம் மாறித் தொடர்ந்தது. புண்ணுக்காக இரைப்பையின் பெரும்பகுதியை இழந்தவர்கள் எடை கூடாமல் இருப்பதைக் கவனித்த அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக மருத்துவர் எட்வர்ட் மேசன், 1966இல் உடற்பருமனுக்கு இரைப்பை மாற்றுவழி அறுவையைச் செய்தார். 1977இல் அதனோடு ரூவின் 'ஒய்' இணைப்பும் சேர்ந்தது. பீட்டர்சனின் இடைவெளி புதிய நோயாளிகளைப் பெற்றது.

இதில் ஒரு முரணைச் சுட்ட வேண்டும். வயிற்றை அகலக் கீறிச் செய்த பழைய முறையில் தழும்பின் வழியே குடலிறக்கம் வருவது பெருந்தொல்லை. பருமனானவர்களுக்கு அது மேலும் மிகுதி. விட்குரோவ் குழுவினர் 1994இல் வெளியிட்ட லேப்ராஸ்கோபி முறை அத்தொல்லையைப் பெரிதும் குறைத்தது. ஆனால் பெருங்கீறலுக்குப் பின் குடல்கள் ஆங்காங்கே ஒட்டி அசைவு குறைந்திருந்தன; புதுமுறையில் அந்த ஒட்டுதல் குறைவு, குடல் தடையின்றி நகர்கிறது. எடை குறையக் குறையச் சவ்வில் உள்ள கொழுப்பும் கரைந்து இடைவெளி அகலுகிறது. அறுவை நன்கு பலித்தவருக்கே ஆபத்தும் வளர்கிறது.

அப்படியானால் தைத்து மூடிவிடலாமே என்று வாசகர் கேட்கக்கூடும். 2016இல் 'லான்செட்' இதழில் வெளியான சுவீடன் ஆய்வு 2,507 பேரிடம் இதனைச் சோதித்தது. மூன்றாண்டுகளுக்குள் குடலடைப்புக்காக மீண்டும் அறுவை தேவைப்பட்டோர், மூடாதவர்களில் 10.2 விழுக்காடு, மூடியவர்களில் 5.5 விழுக்காடு. ஆயினும் முதல் 30 நாட்களில் கடுமையான சிக்கல்கள் மூடியவர்களிடமே சற்று மிகுந்தன: 4.3 விழுக்காடு, மற்றவர்களில் 2.8. தைத்த இடத்தருகே குடல் மடிந்துகொள்வது அதற்கு முக்கியக் காரணம். மூடுவது நன்மையே, முழுக் காப்பு அன்று. இரைப்பையை மட்டும் குறுக்கிக் குழாய்போல் ஆக்கும் அறுவையில் குடலின் வழி மாற்றப்படுவதில்லை. ஆகவே அதில் இவ்விடைவெளி எழுவதில்லை.

இவ்வரலாறு நமக்கு ஏன் வேண்டும்? பெருநகரத்தில் அறுவை செய்துகொண்டு ஊர் திரும்பியவர், சில ஆண்டுகள் கழித்து ஓர் இரவு வயிற்றுவலியோடு ஆரணி போன்ற ஊரின் மருத்துவமனையில் வந்து படுக்கிறார் என்று கொள்வோம். வெளியே பார்த்தால் நான்கைந்து சிறு தழும்புகள்தாம். உண்டபின் வந்து வந்து போகும் வலியை 'கேஸ்' என்று வீட்டார் பொருட்படுத்தாமல் விட்டிருப்பர். வலி இல்லாத வேளையில் எடுத்த ஸ்கேனிலும் ஒன்றும் தெரியாமல் போகலாம். சிக்கிய குடலுக்கு இரத்தம் நின்றுவிட்டாலோ சில மணி நேரத்தில் அது அழுகத் தொடங்கும். கருவுற்ற பெண்ணாயின், வளரும் கருப்பை குடலை மேலே தள்ளுவதால் எச்சரிக்கை இருமடங்கு வேண்டும்.

அவ்வேளையில் உயிரைக் காப்பது பெரும்பாலும் ஒரு வாக்கியம்: "இன்ன ஆண்டில், இன்ன அறுவை எனக்கு நடந்தது." அறுவையின் பெயர், நாள், இடைவெளிகள் மூடப்பட்டனவா என்ற குறிப்பு ஆகியவை அடங்கிய தாளை ரேஷன் அட்டையோடு சேர்த்து வீட்டில் பத்திரப்படுத்துதல் நன்று, வீட்டிலுள்ள மற்றவர்களும் அதனை அறிந்திருக்க வேண்டும். நோயாளியின் முன்கதையை மருத்துவர்கள் 'ஹிஸ்டரி' என்றே அழைக்கின்றனர். கல்வெட்டும் செப்பேடும் தேடிப் படிக்கும் நாம், நம் உடலில் எழுதப்பட்டுள்ள இச்சிறு வரலாற்றையும் மறவாதிருப்போமாக.