கோட்டாற்றில் உட்கார்ந்த சோழப்படை

நாகர்கோவில் ஒழுகினசேரியில சோழராஜா கோயில் இருக்கு இல்லையா? கல்வெட்டுல அதன் பெயர் ராஜேந்திர சோழீஸ்வரம். அப்போ கோட்டாறுக்கே 'மும்முடிச் சோழபுரம்'னு பேரு. மும்முடிச் சோழன் என்பது ராஜராஜனோட பட்டம். ஜெயிச்சவன் முதல்ல ஊர்ப் பேரைத்தான் மாத்துவான் போல!

பேர் மட்டும் போதுமா? ராஜேந்திரன் தன் மகனையே 'சோழ பாண்டியன்' என்ற பட்டத்தோடு மதுரையில் உட்கார வைத்தான். அந்த ஏற்பாடும் நிலைக்கலை. 1070-ல் முதலாம் குலோத்துங்கன் பட்டத்துக்கு வந்த குழப்பத்தில் பாண்டிய நாடு கைவிட்டுப் போனது.

திரும்பப் பிடித்த குலோத்துங்கன் இளவரசன் யாரையும் அனுப்பவில்லை. பாதைகள் நெடுக, கோட்டாற்று வழியிலும், படைத்தலைவர்களைக் குடியமர்த்தினான். நிலைப்படை! உள்ளூர் நிர்வாகத்தில் பெரிசா கை வைக்கலை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா சேர நாட்டுக்குப் போறவன் கோட்டாற்றைத் தாண்டித்தானே போகணும்? அங்கே படை இருந்தால் பாண்டியனுக்கும் பயம், சேரனுக்கும் பயம்.

ரோமானியர்களும் இதே வேலையைத்தான் பிரிட்டனில் செய்தார்கள். கி.பி. 49-ல் கோல்செஸ்டரில் ஓய்வு பெற்ற சிப்பாய்களைக் குடியேற்றினார்கள். அவங்க உள்ளூர்க்காரன் நிலத்தைப் பிடுங்கப்போய், சுமார் பத்து வருஷத்துல போடிக்கா என்ற ராணி அந்த ஊரையே கொளுத்திட்டா. அந்தக் கதையை ரோமானியனே எழுதி வச்சிருக்கான். நம்ம கோட்டாற்றுப் படை யார் வயல் நெல்லைத் தின்னுச்சுன்னு குலோத்துங்கன் மெய்க்கீர்த்தி மூச்சு விடலை.