வழி மயக்கமும் படைப்பும்: மலைபடுகடாம் முதல் மால்குடி வரை

பெங்களூரின் கிழக்குப் பகுதியில் அமைந்துள்ள காக்ஸ் டவுன் இரு பெயர்களைத் தாங்கி நிற்கும் ஊர்ப்பகுதியாகும். ஆங்கில அதிகாரி ஒருவரின் பெயரால் தோன்றிய இப்பகுதி, சர்வக்ஞ நகர் என்றும் வழங்கப்பெறுகிறது. 1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தம் படைமுகாமைச் சீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றியபோது, படையைத் தொடர்ந்து வணிகராகவும் கைவினைஞராகவும் ஏவலராகவும் தமிழர் பலர் இங்கு வந்து குடியேறினர். அம்முகாமைக் கன்னடர் 'தண்டு' என்றனர். பழந்தமிழிலும் தண்டு என்பது படையையே குறிக்கும். 1898ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க்குப் பின்னர்த் தண்டுப் பகுதி விரிவடைந்தபோது பிரேசர் டவுன், காக்ஸ் டவுன் முதலிய புதுக்குடியிருப்புகள் எழுந்தன. 1949ஆம் ஆண்டு வரை நகரமும் தண்டும் தனித்தனி ஆட்சியமைப்பின்கீழ் இருந்தன.

காக்ஸ் என்னும் அதிகாரியின் பெயருக்கு மாற்றாக வைக்கப்பெற்ற பெயர் கவனத்திற்குரியது. சர்வக்ஞர், திரிபதி என்னும் மூவடிப் பாவில் அறம் பாடிய கன்னடக் கவிஞர். வீடு துறந்து, திருவோடு ஏந்தி, ஊர் ஊராக அலைந்தவர் என்று மரபு அவரைக் குறிக்கிறது. எதிர்ப்பட்டோர் ஒவ்வொருவரிடமும் கற்றுச் சேர்த்ததே தம் அறிவு என்பது அவர் பாடல்களில் வெளிப்படும் கருத்து. சிதறிக் கிடந்த அப்பாடல்களைத் தேடித் தொகுத்து 1924ஆம் ஆண்டில் நூலாக்கியவர் உத்தங்கி சன்னப்பா. காக்ஸ் டவுனை அடுத்த அல்சூரில் 18 ஆண்டுகள் மூடப்பட்டுக் கிடந்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டில் திறக்கப்பெற்றபோது, அதற்கு இணையாகச் சென்னை அயனாவரத்தில் நிறுவப்பெற்றது இவர் சிலையே. ஆயினும் அவ்விழாக்களில் சர்வக்ஞர் நீதி நூலாசிரியராகவே போற்றப்பெற்றார். அவர் வழியற்று அலைந்தவர் என்பதும், அவ்வலைச்சலிலிருந்தே அவர் கவிதை பிறந்தது என்பதும் பின்னுக்குப் போயின.

வழி தெரியாமற்போதல் படைப்பிற்கு இடையூறா, உறுப்பா என்னும் வினாவை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. மேனாட்டுத் திறனாய்வாளர் இதனைப் புதுமைக்காலச் சிக்கலாகப் பேசுவதுண்டு. தமிழில் இதற்கு விடை மிகப் பழமையானது. அது ஆற்றுப்படையில் உள்ளது.

ஆற்றுப்படை என்றவுடன் வழி அறிந்தவன் வழி அறியாதவனுக்குக் கூறும் நூல் என்று வகுப்பறைகளில் விளக்கம் தரப்படுகிறது. பரிசில் பெற்று மீள்வோன், பெறக் கருதி வருவோனை வள்ளலிடம் செலுத்துதல் என்பது தொல்காப்பியம் காட்டும் இலக்கணம். வள்ளலின் கொடைச்சிறப்பே இவற்றின் பயன் என்ற கருத்து வலுவாக வேரூன்றியுள்ளமையால், வழியைப் பற்றிய பகுதிகள் இயற்கை வருணனை என்ற தலைப்பின்கீழ் ஒதுக்கப்படுகின்றன. மலைபடுகடாத்தை இவ்வாறு ஒதுக்கிப் படித்தல் இயலாது. பத்துப்பாட்டிலுள்ள ஐந்து ஆற்றுப்படைகளுள் 583 அடிகள் கொண்ட இதுவே பெரியது. இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார், நன்னன்சேய் நன்னன் மீது பாடிய இப்பாட்டின் மிகப் பெரும்பகுதி வழியைப் பற்றியது. அதிலும் வழியின் இடர்களைப் பற்றியது. பன்றிப் பொறிகள், பாம்பு உறையும் இடங்கள், தினைப்புனக் காவலர் எறியும் கவண்கற்கள், வழுக்கும் பாறைகள், இரவில் தங்கவேண்டிய குகைகள் என ஒவ்வொன்றும் தனித்தனியே சொல்லப்படுகின்றன. இத்துணை விரிவாக வழி சொன்ன பின்னரும், கேட்பவர் வழி தவறக்கூடும் என்பதைப் புலவர் மறக்கவில்லை என்பதே குறிப்பிடத்தக்கது.

காட்டில் திசை தெரியாமற் போனால் என்ன செய்வது? அகன்ற பாறையொன்றின்மேல் ஒன்றுகூடுமாறு கூத்தர்க்கு அறிவுரை கூறப்படுகிறது. மேலும் நடப்பதை நிறுத்திவிட வேண்டும். நிறுத்திவிட்டுத் தம் இசைக்கருவிகளை இயக்க வேண்டும். அவ்வோசை கேட்டு மலைவாழ் கானவர் விரைந்து வருவர். உண்ணப் பழமும் சூடப் பூவும் தருவர். இடர் நிறைந்த பாதையில் தாம் முன்னே நடந்து வழி காட்டுவர். சுற்றத்தார் நெஞ்சின் துயர் நீங்கும்.

இப்பகுதி உரையாசிரியர்களாலும் ஆய்வாளர்களாலும் பெரிதும் விருந்தோம்பற் பண்பிற்கே சான்றாக எடுத்தாளப்பட்டது. விருந்தோம்பல் உண்மையே. எனினும், இங்கு வழி தவறியவர் கலைஞர் என்பதையும், அவர்க்குச் சொல்லப்பட்ட தீர்வு அவர் தம் கலையே என்பதையும் கருதல் வேண்டும். வழிப்போக்கனாக இருந்தால் கூவி அழைக்கலாம், தீ மூட்டலாம். கூத்தன் கருவியைத் தொட வேண்டும். நடந்துகொண்டே இருந்தால் மேலும் தொலைவான். நின்று இசைத்தால் அறிந்தோர் அவனிடம் வருவர். படைப்புச் செயல்பற்றித் தமிழ் கூறிய முதல் நடைமுறைக் குறிப்பு இதுவே எனக் கொள்ளுதல் மிகையன்று.

இக்குறிப்பைக் கையிற்கொண்டு பெங்களூருக்கு மீண்டும் வரலாம். சென்னைப் புரசைவாக்கத்தில் 1906ஆம் ஆண்டு பிறந்து, தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு, ஆங்கிலத்தில் எழுதிய ஆர். கே. நாராயண், தம் தன்வரலாற்றில் 1930ஆம் ஆண்டுப் பெங்களூர் வாழ்க்கையைப் பதிவு செய்துள்ளார். கல்லூரி நுழைவுத் தேர்வில் முன்பு தோற்றுக் காலம் கடத்தியவர்; மைசூர் மகாராஜா கல்லூரியில் அவ்வாண்டில்தான் பட்டம் முடித்திருந்தார். தொழில் எதுவும் அமையவில்லை. பெங்களூரில் பாட்டியோடு தங்கியிருந்து, எழுதுவது என்ற எண்ணம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, நகரத் தெருக்களில் நோக்கமின்றித் திரிந்தார். எதை எழுதுவது என்பது அவருக்குத் தெரியாது. செப்டம்பர் மாதத்தில் பாட்டி நல்ல நாள் ஒன்றைப் பார்த்துக் கொடுத்தார். அன்று எழுதுசுவடி ஒன்றை வாங்கி அமர்ந்தார். பேனாவைக் கடித்தபடி இருந்தவர் கண்முன், சிறிய தொடர்வண்டி நிலையம் ஒன்று மால்குடி என்ற பெயரோடு தானே தோன்றியது. அதன் மேடையில் சுவாமிநாதன் என்ற சிறுவன் பயணிகளின் முகங்களைப் பார்த்துக்கொண்டு ஓடினான். அதன்பின் நாள்தோறும் பக்கங்கள் ஒன்றோடொன்று இணைந்து வளர்ந்தன என்கிறார்.

இச்செய்தி பலராலும் எடுத்துக் கூறப்படுவது. ஆனால் கூறுவோர் 'தானே தோன்றியது' என்பதில் நின்றுவிடுகின்றனர். தெருக்களில் திரிந்தபோது மால்குடி தோன்றவில்லை. திரிதலை நிறுத்தி, சுவடியைத் திறந்து, என்ன எழுதுவதென்று தெரியாமலேயே எழுத அமர்ந்தபோதே தோன்றியது. திசை மயங்கிய கூத்தர் பாறைமேல் அமர்ந்து கருவியைத் தொட்டது போன்றதே இது. பாட்டி குறித்த நாளுக்கும் இதில் பங்குண்டு. நாள் குறிக்கப்படாதிருந்தால் திரிதல் இன்னும் நீண்டிருக்கும்.

அந்நாவலுக்குள்ளேயே ஒரு வழி தவறல் இடம்பெறுவது தற்செயலாகத் தோன்றவில்லை. பள்ளித் தலைமையாசிரியருக்கு அஞ்சி ஓடும் சுவாமிநாதன், மெம்பிக் காட்டுச் சாலையில் இரவில் திசை இழக்கிறான். இருளில் ஒவ்வோர் ஓசையும் அவனுக்குக் கொடுவிலங்காகிறது. மயங்கி விழுந்து கிடப்பவனை விடியலில் ஊர் திரும்பும் வண்டிக்காரன் ஒருவன் கண்டெடுத்து, பயணியர் மாளிகையில் தங்கியிருந்த வனத்துறை அதிகாரியிடம் சேர்க்கிறான். அவன் மீள்வதற்குள் கிரிக்கெட் ஆட்டம் கைதவறிப் போகிறது. நண்பன் ராஜத்தின் நட்பும் முறிகிறது. மலைபடுகடாத்துக் கானவனும் மெம்பிச் சாலை வண்டிக்காரனும் ஒரே பணியைச் செய்கின்றனர். ஆயின் நாராயண் ஒரு படி மேலே சென்று, வழி தவறியதற்கு விலையும் உண்டு என்று காட்டுகிறார். சுவாமிநாதன் பழமும் பூவும் பெறவில்லை.

நாவலும் உடனே வழி பெற்றதன்று. பதிப்பகங்கள் பல திருப்பியனுப்பின. கையெழுத்துப் படியைக் கல்லில் கட்டித் தேம்ஸ் ஆற்றில் எறிந்துவிடுமாறு ஆக்ஸ்போர்டிலிருந்த நண்பர் புர்ணாவுக்கு நாராயணே எழுதினார். அவர் எறியாமல் கிரஹாம் கிரீனிடம் கொடுத்தார். 1935ஆம் ஆண்டில் நூல் வெளிவந்தது.

இந்நூலுக்குப் பின் நிகழ்ந்தது வேறொரு வகைத் தேடல். மால்குடி எங்குள்ளது என்ற வினா எழுந்தது. மல்லேசுவரம், பசவனகுடி என்னும் இரு பெங்களூர்ப் பகுதிகளின் பெயர்ச் சேர்க்கையே மால்குடி என்று இன்றும் கூறுவர். அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஃபென்னலி, நாவற் குறிப்புகளைக் கொண்டு அவ்வூருக்கு வரைபடமே வகுத்தார். 1986ஆம் ஆண்டில் சங்கர் நாக் இயக்கிய தொலைக்காட்சித் தொடருக்குப் பின்னர், படப்பிடிப்பு நிகழ்ந்த சிவமொக்கா மாவட்டத்து அரசாளு நிலையம் மால்குடி அருங்காட்சியகமாக்கப்பெற்றது. கற்பனை ஊருக்கு நிலத்தில் இடம் தேடும் இவ்விருப்பம் இயல்பானதே. எனினும் எழுதியவர் வரைபடமின்றி எழுதினார் என்ற செய்தியை அது மறைத்துவிடுகிறது. மால்குடியைக் காக்ஸ் டவுனிலோ பசவனகுடியிலோ தேடுவோர், ஆசிரியர் எந்த நிலையில் இருக்கவில்லையோ அந்த நிலையிலிருந்து நாவலைப் படிக்கின்றனர்.

கருநாடக மண்ணில் தோன்றிய தமிழர் மற்றொருவரிடமும் இதே அனுபவத்தைக் காணலாம். மைசூரில் பிறந்த ஏ. கே. இராமானுசன் 1962ஆம் ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில் பழந்தமிழ் இலக்கணத்திற்குரிய தொடக்க நூல் ஒன்றைத் தேடிச் சென்றார். பழந்தமிழை அவர் முறையாகப் பயின்றதில்லை. தேடிய நூலுக்கு மாறாக உ. வே. சாமிநாதையரின் 1937ஆம் ஆண்டுக் குறுந்தொகைப் பதிப்பு கையில் அகப்பட்டது. நூலடுக்குகளுக்கிடையே தரையிலமர்ந்து படிக்கத் தொடங்கினார். 1967இல் வெளிவந்து சங்க அகப்பாடல்களை உலகறியச் செய்த அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்புக்கு அதுவே தோற்றுவாய்.

அவர் கையிற்பட்ட பதிப்பின் ஆசிரியரே முன்னொரு காலத்தில் வழி தெரியாது நின்றவர். 1880ஆம் ஆண்டில் குடந்தையில் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தபோது, தாம் கற்ற பிரபந்தங்களும் புராணங்களும் முன்னிற்க, சீவக சிந்தாமணியைத் தாம் அறியாதது சாமிநாதையரைத் தடுமாறச் செய்தது. சமணக் கோட்பாடுகள் விளங்காமல் மயங்கியவர், நூலைக் கீழே வைத்துவிடவில்லை; அவ்வூரிலேயே வாழ்ந்த சமணர்களைத் தேடிச் சென்று கேட்டார். கல்லூரியாசிரியர் ஒருவர் மாணவராகத் தாழ்ந்து நிற்க வேண்டியிருந்தது. 1887இல் சிந்தாமணி அச்சாயிற்று. 1889இல் மலைபடுகடாம் அடங்கிய பத்துப்பாட்டு அச்சாயிற்று. வழி காட்டிய கானவரை இங்கும் காண்கிறோம்.

தமிழில் 'மயக்கம்' என்ற சொல் அறிவு தடுமாறுதலையும், ஒன்றோடொன்று கலத்தலையும் ஒருசேரக் குறிக்கிறது. எழுத்திலக்கணத்தில் மெய்ம்மயக்கம் பிழையன்று; இரண்டு மெய்கள் அடுத்து நிற்றலே அது. வேற்றுமை மயங்கியலும் அவ்வாறே. அகத்திணையியலில் திணை மயங்குதலைத் தொல்காப்பியர் விலக்கவில்லை. நிலம் மயங்குதலை ஏற்கவில்லை. குறிஞ்சிக்குரிய ஒழுக்கம் முல்லைக்கு வரலாம், மலை காடாகிவிடாது என்பது இதன் பொருள். படைப்பாளி தடுமாறும் நிலைக்கும் புதிய கலப்பு தோன்றும் நிலைக்கும் ஒரே சொல்லை வழங்கிய மொழியில், அவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கும் திறனாய்வு வளர்ந்திருப்பது வியப்பிற்குரியது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நாராயண் தம் 1930ஆம் ஆண்டு அலைச்சலை 1974இல் எழுதினார். சாமிநாதையர் 1880இன் சந்திப்பை 1940இல் தொடங்கிய 'என் சரித்திர'த்தில் எழுதினார். இராமானுசன் தம் நூலகச் செய்தியை 1985இல் பதிவு செய்தார். மூவரும் வழி கண்ட பின்னரே வழி தவறியதைச் சொன்னவர்கள். நல்ல நாள் பார்த்து வாங்கிய சுவடியில் ஒன்றும் தோன்றாமல் எழுந்துபோனவர்கள் தன்வரலாறு எழுதவில்லை. ஆகவே இச்சான்றுகளை வைத்து, தவறியோர் அனைவரும் சேர்வர் என்று விதி வகுத்தல் பொருந்தாது. மலைபடுகடாத்திலும் பேசுபவன் நன்னனிடம் பரிசில் பெற்று மீண்டு வரும் கூத்தனே. எனினும் அவன் எதிரே, மரத்தடியில், கருவிகளை இறக்கி வைத்துக் கேட்டிருப்போர் இன்னும் மலையில் கால் வைக்கவில்லை.