கல்லணை: மணலில் நிற்கும் மரபு

கரிகாலன் பெயரும் காவிரியின் பெயரும் சேர்ந்து ஒலிக்கும் மேடைகளில் எல்லாம் கல்லணையும் உடன் வந்து நிற்கிறது. அதனைப் புகழ்ந்தோர் பலர். அது எவ்வாறு நிற்கிறது, அதனைக் காப்பதென்றால் எதனைக் காப்பது என்று எண்ணிப் பார்த்தோர் சிலரே.

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. இரண்டுக்கும் நடுவே திருவரங்கத் தீவு. தீவின் கீழைக் கோடியில் இரு கிளைகளும் மீண்டும் நெருங்குகின்றன. அவ்விடத்தில் கொள்ளிடத்தின் படுகை காவிரியின் படுகையைவிடத் தாழ்ந்தது. தடுப்பு இல்லையேல் காவிரி நீர் பள்ளம் நோக்கிப் பாய்ந்து கொள்ளிடத்தின் வழியே கடலை அடையும். தஞ்சை வயல்கள் காயும். அந்தப் பள்ளத்தின் வாயை மறித்ததே பழந்தமிழர் செய்த அரும்பணி. ஏறத்தாழ 1,080 அடி நீளம், 40 முதல் 60 அடி வரை அகலம், 15 முதல் 18 அடி வரை உயரம், பாம்புபோல் வளைந்த வடிவம் என 19-ஆம் நூற்றாண்டுப் பொறியாளர்கள் அதனை அளந்து எழுதினர்.

அளவினும் வியப்புக்குரியது அடித்தளம். பாறை தேடி ஆழத் தோண்டாமல், ஆற்று மணலின் மீதே பெருங்கற்களை இட்டு, அவை தம் எடையால் அமிழ அமிழ மேலும் கற்களை அடுக்கிக் களிமண்ணால் பிணைத்தனர் என்பது பொறியாளர் தரும் விளக்கம். அமிழ்ந்த கற்களை இறுகப் பற்றி நிற்பது மணல். ஆகவே மணல் இவ்வணைக்குப் புறம்பான பொருளன்று. அதன் உறுப்பே ஆகும்.

இதனைக் கட்டியவன் கரிகாலன் என்பது வழிவழி வந்த நம்பிக்கை. பட்டினப்பாலை அவன் காடுகளைத் திருத்தி நாடாக்கியதையும் குளங்களை வெட்டியதையும் பாடுகிறது, அணையைப் பாடவில்லை. காவிரிக்கு அவன் கரை எடுத்த செய்தி தெலுங்குச் சோழரின் மலேபாடு செப்பேட்டிலும், 11-ஆம் நூற்றாண்டுத் திருவாலங்காட்டுச் செப்பேட்டிலும் காணப்படுகிறது. கரை வேறு, அணை வேறு. இவ்வேறுபாட்டை ஒப்புக்கொள்வதால் கல்லணையின் பெருமை குன்றாது. ஓர் அரசனுக்கு மட்டும் உரியதாகக் கருதப்பட்ட புகழில், கல் சுமந்தோருக்கும் ஆண்டுதோறும் பழுது பார்த்தோருக்கும் பங்கு கிடைக்கும்.

1828-இல் காவிரிப் பாசனப் பொறுப்பேற்ற ஆர்தர் காட்டன், மணல் மேடிட்டு நீர்வரத்துக் குன்றியிருந்த காவிரியைக் கண்டார். கல்லணையில் மணற்போக்கிகளை அமைத்தார். 1836-இல் முக்கொம்பில் மேலணைப் பணியைத் தொடங்கினார். ஆழம் காணாத மணலில் அடித்தளம் அமைக்கும் வித்தையைப் பழைய கல்லணையிடமே கற்றதாக அவர் ஒளிக்காமல் எழுதினார். அந்த அறிவு 1852-இல் நிறைவுற்ற கோதாவரி அணைக்கும் துணை நின்றது. பின்னர் மதகுகளும் பாலமும் எழுந்தன. 1934-இல் மேட்டூர் அணையோடு, மக்கள் புது ஆறு என வழங்கும் கல்லணைக் கால்வாயும் நிறைவெய்தியது. இன்று காண்போர் கண்ணில் முதலிற் படுவன இப்பிற்காலக் கட்டுமானங்களே. பழைய அணை அவற்றின் கீழ் மறைந்து, தன் தொழிலைச் செய்துகொண்டிருக்கிறது.

இதனாலேயே கல்லணையைக் காப்பது ஒரு கோயிலையோ கோட்டையையோ காப்பது போன்றதன்று. வேலியிட்டு, பலகை நாட்டி, மாற்றம் எதுவும் கூடாதென்று தடுத்துவிட இயலாது. தலைமுறைதோறும் மாற்றம் பெற்றதனால்தான் அது பிழைத்தது. பயன் நின்றால் பராமரிப்பும் நிற்கும். பராமரிப்பு நின்றால் கல்லும் நில்லாது.

2018 ஆகஸ்ட் 22 இரவு, முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே நின்ற மேலணையின் 9 மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. கட்டுமானத்தின் முதுமையை அரசுத் தரப்பு காரணமாகக் கூறியது. ஆற்றில் வரம்பின்றி மணல் அள்ளியதைக் காரணமாகக் கூறினர் உழவர். வழக்கு எதுவாயினும் பாடம் ஒன்றே. மணலை நம்பி நிற்கும் கட்டுமானத்தைச் சுற்றி மணல் குறைந்தால், படுகை தாழும். விழும் நீர் அடியை அரிக்கும். மேலே எத்துணைச் செப்பனிட்டாலும் பயனில்லை. கல்லணைக்குச் சிமெந்து பூசிவிட்டுக் கொள்ளிடத்து மணலை விற்போமாயின், தூணைப் பொன்னால் பூசி அடித்தளத்தை விலைபேசியவர் ஆவோம்.

ஆகவே காக்க வேண்டுவன மூன்று. ஒன்று, அணையைத் தாங்கும் படுகை. கோடைதோறும் அதன் மட்டத்தை அளந்து, அக்கணக்கை மக்கள் அறிய வெளியிடல் வேண்டும். இரண்டு, பழைய வரைபடங்களும் பழுதுபார்த்த குறிப்புகளும். மூன்று, மதகு இயக்குவோரும் ஆற்றங்கரை உழவரும் பெற்றுள்ள, ஏட்டில் ஏறாத நீரறிவு.

ஆண்டுதோறும் கல்லணை திறக்கப்படும்போது பூவும் விதைநெல்லும் தூவி நீரை வணங்குகின்றனர். கவிஞர்கள் அந்நீரைப் பாடுகின்றனர். அந்நீரைத் திருப்பும் கற்களின் அடியில் கிடக்கும் மணலும் பாடலுக்கு உரிய பொருளே.