தகப்பன் முதலில்

1967-ஆம் வருஷம் ஆஸ்லோ நகரத்து நார்வே கம்ப்யூட்டர் நிலையத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர், டெலிபோன் பெண்மணியின் அறைக்குள் பதறிக்கொண்டு நுழைந்தார். கரும்பலகைக்கு முன்னால் இரண்டு பேர் பயங்கரமாகச் சண்டை போடுகிறார்களே, என்ன செய்வது என்று கேட்டார். அந்த அம்மாள் வெளியே வந்து சற்றே காதுகொடுத்துக் கேட்டுவிட்டு, பயப்படாதீர்கள், டாலும் நைகார்டும் ஸிமுலாவைப் பற்றிப் பேசுகிறார்கள், அவ்வளவுதான் என்றாளாம். நைகார்டே பிற்காலத்தில் சொன்ன கதை இது.

ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் இருவரையும் அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு ஆட்டிவைத்தது ஒரு பாலத்துச் சுங்கச்சாவடி. லாரியும் பஸ்ஸும் அங்கே வரிசையில் நிற்கின்றன. இந்தக் காட்சியைக் கம்ப்யூட்டருக்குள் நடத்திக் காட்டவேண்டும். அவர்களுடைய முதல் ஸிமுலா பாஷையில் லாரிக்கு ஒரு தடவை, பஸ்ஸுக்கு ஒரு தடவை என்று எல்லாவற்றையும் திரும்ப எழுதவேண்டியிருந்தது. வரிசையில் நிற்பது இரண்டுக்கும் பொதுதானே?

டோனி ஹோர் என்ற ஆங்கிலேயர் தகவல் தொகுதிகளை வகை, உள்வகை என்று பிரிக்கும் யோசனை ஒன்றை எழுதியிருந்தார். அப்படியே எடுத்துக்கொள்ள அது உதவவில்லை; ஆனால் பொறி அதுதான். 1966 டிசம்பருக்கும் 1967 ஜனவரிக்கும் இடையில் வழி பிறந்தது. ‘லாரி’ என்ற வகுப்பின் பெயருக்கு முன்னால் ‘வாகனம்’ என்ற வகுப்பின் பெயரை ஒட்டிவிடு. வாகனத்தின் சொத்தெல்லாம் லாரிக்கு வந்துவிடும். உயில் வேண்டாம், கோர்ட்டு வேண்டாம்! இதற்குத்தான் பிற்பாடு ‘இன்ஹெரிட்டன்ஸ்’ என்று பெயர் வந்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஸிமுலா 67-இல் லாரி பிறக்கிற விதம். ‘நியூ’ என்று சொன்னவுடன் முதலில் வாகனத்தின் கட்டளைகள் நடக்கும், பிறகுதான் லாரியினுடையவை. தகப்பனை யாரும் கூப்பிட வேண்டியதில்லை. அவனே முன்னால் வந்து நிற்பான். கேம்பிரிட்ஜில் ஸிமுலாவோடு பழகிய ஸ்ட்ரவுஸ்ட்ரப் 1979-இல் பெல் லாபரட்டரியில் ஸி பாஷைக்கு வகுப்புகளைச் சேர்த்தபோது, பிறப்புச் சடங்குக்குத் தனி இடம் ஒதுக்கினார். அதுதான் கன்ஸ்ட்ரக்டர். அங்கேயும் தகப்பனே முதல்.

1991-இல் வெளிவந்த பைதானில் கதை வேறு. லாரிக்கென்று சொந்தமாக ஒரு ‘இனிட்’ எழுதினால், வாகனத்தின் ‘இனிட்’ தானாக நடக்காது. ‘சூப்பர்’ போட்டு நாமே அழைக்கவேண்டும். மறந்தால் உடனே ஒன்றும் ஆகாது என்பதுதான் சங்கடம். லாரி பிறக்கும், பாரம் ஏற்றும், பாலத்துக்கும் போகும். சாவடியில் நம்பர் என்ன என்று கேட்கும்போதுதான், அப்படி ஒன்று தனக்குக் கிடையாதென்று விழித்து, புரோகிராமே நின்றுவிடும். புதிதாகக் கற்பவர் சாவடியில்தான் தப்பைத் தேடுவார். நானும் ஒரு மாலைப்பொழுது முழுவதும் அங்கேதான் தேடினேன்.

ஜாவாஸ்கிரிப்ட் இந்த விஷயத்தில் கண்டிப்பான மாமியார். 2015-இல் அதற்கு வகுப்புகள் வந்தபோதே, தகப்பனை அழைக்காமல் பிள்ளை தன்னைத் ‘திஸ்’ என்று சொல்லிக்கொள்ள முயன்றால் அந்த இடத்திலேயே தடுத்து நிறுத்தும் விதியும் கூடவே வந்துவிட்டது.