குருத்துவ வழிமரபு அட்டவணைகள் (விவிலியம்)

குருத்துவ வழிமரபு அட்டவணை என்பது ஆரோனின் வழிவந்த குருக்களின் பெயர்களைத் தலைமுறை வரிசையில் தரும் விவிலியப் பட்டியல் ஆகும். இவற்றுள் முதன்மையானது 1 நாளாகமம் (1 குறிப்பேடு) 6:1-15 பகுதியாகும். எபிரேய விவிலியத்தில் இது 5:27-41 என எண்ணிடப்பட்டுள்ளது.

உடன்படிக்கை

ஆரோனின் பேரன் பினெகாசுக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் நிலையான குருத்துவத்தைக் கடவுள் உடன்படிக்கையாக அளித்தார் என எண்ணாகமம் 25:12-13 கூறுகிறது. பட்டியல் அவ்வழியையே பின்தொடர்கிறது. தலைமைக்குரு யோய்தாவின் பெயர் இதில் இல்லை. எனவே இது முழுமையான பதவிப் பட்டியல் அன்று.

நாடுகடத்தல்

பாபிலோனியர் கி.மு. 586 அளவில் எருசலேம் கோவிலை அழித்தபின் தலைமைக்குரு செராயா கொல்லப்பட்டார். அவருடைய மகன் யோசதாக் சிறைப்பட்டுச் சென்றதுடன் பட்டியல் முடிகிறது. எனினும் யோசதாக்கின் மகன் யோசுவா தாயகம் திரும்பிப் பலிபீடத்தை மீண்டும் கட்டினார் (எஸ்றா 3:2). அரசும் கோவிலும் வீழ்ந்தபின்னும் வழிமரபு அறுபடாததைக் கடவுளின் வாக்குப் பிறழாமைக்குச் சான்றாக இறையியலாளர் கொள்வர்.

பதிவின் இன்றியமையாமை

திரும்பி வந்த குருக்கள் 4,289 பேர் என எஸ்றா நூல் கணக்கிடுகிறது (2:36-39). வழிமரபுப் பதிவைக் காட்ட இயலாத மூன்று குடும்பத்தினர் குருத்துவத்திலிருந்து விலக்கப்பட்டனர் (2:61-63). ஊரீம், தும்மீம் உடைய குரு ஒருவர் தோன்றும்வரை அவர்கள் தூய உணவை உண்ணலாகாது என ஆளுநர் ஆணையிட்டார். இறுதித் தீர்ப்பு இவ்வாறு கடவுளுக்கே விடப்பட்டது.