ஹாபிட்டஸ்

ஹாபிட்டஸ் (பெயர்ச்சொல்): வளர்ந்த சூழல் ஒருவரின் உடலிலும் ரசனையிலும் ஊறவைத்த, எளிதில் மாறாத மனச்சாய்வு. ‘இது நமக்கு ஒத்துவராது’ என்று யோசிக்காமலே ஒதுங்க வைப்பது இதுதான்.

லத்தீனில் ‘ஹபேரே’ என்றால் கொண்டிருத்தல். அதில் பிறந்த இச்சொல் நிலை, தோற்றம், உடை என்ற பொருள்களில் வழங்கியது. அரிஸ்டாட்டிலின் ‘ஹெக்ஸிஸ்’ (ஊறிய இயல்பு) என்ற கிரேக்கச் சொல்லுக்கு ஈடாக இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் இதையே கையாண்டார்.

சமூகவியலுக்கு இதைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் மார்செல் மோஸ். 1934இல் ஆற்றிய ஓர் உரையில் அவர் காட்டிய சான்று ஒரு மண்வெட்டி. முதல் உலகப் போரில் ஆங்கிலச் சிப்பாய்களுக்குப் பிரெஞ்சு மண்வெட்டியால் தோண்ட வரவில்லை; அவர்கள் கை பழகிய விதம் வேறு. ஒரு நாட்டுப் படைப்பிரிவு போய் மற்றொன்று வந்தால் 8,000 மண்வெட்டிகளை மாற்ற வேண்டியிருந்ததாம்.

சொல்லைப் புகழ்பெறச் செய்தவர் சமூகவியலாளர் பியர் பூர்தியு. பிரான்சின் பெயார்ன் பகுதியில் பிறந்த அவர், அங்கே நடந்த ஒரு கிறிஸ்துமஸ் நடன விழாவை 1962 கட்டுரையில் விவரித்தார். முப்பது தாண்டிய விவசாயிகள் ஓரமாக நின்று பார்த்தார்கள், ஆடவில்லை. நகரத்து நடனம் அவர்களின் உழவு நடைக்கு ஒத்துவரவில்லை. நகர வாழ்க்கையை விரும்பிய பெண்கள் அந்த நடையையே குறையாகக் கண்டார்கள். நிலம் இருந்தும் பலருக்குத் திருமணம் ஆகவில்லை.

ஹாபிட்டஸை வெறும் ‘பழக்கம்’ என்று கொள்வது பிழை. பழக்கம் செய்ததையே திரும்பச் செய்யும். ஹாபிட்டஸ் புதிய சூழலிலும் தன் சாயலில் புதிய செயல்களைப் பிறப்பிக்கும்.