ஊட்டி எக்ஸ்ரே பிலிமும் குட்டி விமானத்தின் கீலும்

கதவுக்குக் கீல் இருப்பது போல விமானத்துக்கும் கீல் உண்டு. இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசைகிற எய்லரான், வாலில் உள்ள எலிவேட்டர், ரடர் எல்லாமே கீலில்தான் நிற்கின்றன. 1903இல் ரைட் சகோதரர்கள் ஓட்டிய விமானத்தில் எய்லரான் கிடையாது. கம்பியால் இழுத்து இறக்கையையே முறுக்கினார்கள்! சில வருடங்களுக்குள் ஐரோப்பாவில் கீல் வைத்த எய்லரான் பழக்கத்துக்கு வந்துவிட்டது.

பெரிய விமானத்துக்கு உலோகக் கீல் போதும். ஆனால் பால்சா மரத்தில் செய்த, அரைக் கிலோ கூட எடையில்லாத மாதிரி விமானத்துக்கு? 1940களில் கம்பியில் கட்டிச் சுற்றவிடும் மாடல்கள் பரவியபோது, துணிப்பட்டை ஒட்டினார்கள், அல்லது நூலை எட்டு வடிவில் கோத்துத் தைத்தார்கள். பிறகு நைலான் கீல் கடைக்கு வந்தது. இதில் கவனிக்க வேண்டியது இடைவெளி. கீல் இருக்கும் இடத்தில் சந்து விழுந்தால் காற்று அதன் வழியே நழுவிவிடும், எலிவேட்டர் சொன்னபடி கேட்காது. கீல் தளர்ந்தால் இன்னும் மோசம். வேகத்தில் பலகை படபடவென்று அடித்து, சில நொடிகளில் விமானமே பிய்ந்துவிடும்.

இதற்கு மலிவான விடை, வளையும் பிளாஸ்டிக் தாள். மரத்தில் பிளேடால் கீறி, சின்னத் துண்டைச் செருகி, பசை விட்டால் கீல் தயார். ஃப்ளாப்பி டிஸ்க்கைப் பிரித்து உள்ளிருக்கும் வட்டத்தை வெட்டியவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். கொஞ்சம் பெரிய மாடல் என்றால் பழைய எக்ஸ்ரே பிலிம். அது நம் ஊரில் எந்த வீட்டுப் பரணிலும் கிடைத்த பொருள். (அதன் வழியே சூரிய கிரகணம் பார்த்தவர்களும் உண்டு. கண்ணுக்கு ஆபத்து, யாரும் செய்யாதீர்கள்.)

ஆனால் எல்லா பிலிமும் கீலுக்கு ஆகாது. பழைய சினிமா, கேமரா பிலிம்கள் செல்லுலோஸ் அசிடேட். மடக்கி மடக்கி நிமிர்த்தினால் விரிசல் விட்டு ஒடியும், கையால் கிழித்தாலும் கிழியும். எக்ஸ்ரே பிலிம் பிற்காலத்தில் பாலியெஸ்டருக்கு மாறியது. 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இருவர் கண்டுபிடித்த அதே பொருள்தான், சட்டைத் துணியிலும் இருக்கிறது. கையால் கிழிக்கவே முடியாது. எக்ஸ்ரே தாளின் தடிமன் ஏறத்தாழ 0.18 மி.மீ. இரண்டு பக்கமும் ஜெலட்டினில் கலந்த வெள்ளி உப்புப் பூச்சு இருக்கும். அதைக் கழுவாமல் ஒட்டினால் பசை பூச்சைத்தான் பிடிக்கும், பூச்சு உரிந்தால் கீலும் கையோடு வந்துவிடும். கழுவிய தாளும் வழவழப்பானது. உப்புத்தாளால் தேய்த்து, நாலைந்து துளை போட்டால்தான் பசை உள்ளே இறங்கிப் பிடிக்கும்.

சரி, இந்த பிலிம் எங்கிருந்து வந்தது? இந்தியாவில் ஊட்டியிலிருந்து!

1960 நவம்பரில் மத்திய அரசு தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், பிரான்சின் பொஷே நிறுவனத்தின் தொழில்நுட்பத்துடன் ஊட்டியில் ஆலை கட்டி, 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஆலையைச் சுற்றி எழுந்த ஊருக்குப் பெயர் இந்து நகர், பிலிமுக்குப் பெயரும் 'இந்து'. சுற்றுலா ஊரில் எதற்கு ஆலை என்று கேட்கலாம். வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டினைச் சூடாகப் பூசி, உடனே குளிரவைத்து உறையச் செய்து, பிறகு தூசியில்லாத காற்றில் காயவைக்க வேண்டும். ஒரு தூசி விழுந்தாலும் படத்தில் புள்ளி விழும். எக்ஸ்ரேயில் புள்ளி விழுந்தால் டாக்டர் அதை நோய் என்று நினைத்துவிடலாம். 2,240 மீட்டர் உயரத்தில் குளிரும் தூசி குறைந்த காற்றும் இயற்கையே தந்தது. வெளியே அவ்வளவு பச்சை, உள்ளே வேலை செய்தவர்களுக்கோ இருட்டறை. கறுப்பு வெள்ளை சினிமா பிலிம், போட்டோ தாள், அரசு ஆஸ்பத்திரிகளுக்கு எக்ஸ்ரே என்று எல்லாம் இங்கிருந்து போயின.

அசிடேட் தலைமுறையில் பிறந்த ஆலை இது. உலகம் பாலியெஸ்டருக்கு மாறியதும் இதுவும் மாற வேண்டியதாயிற்று. அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் பாலியெஸ்டர் எக்ஸ்ரே திட்டத்தை எடுத்தார்கள். முடிவு சரியானதுதான், ஆனால் நேரம் மிகத் தவறானது. பெருங்கடன் வாங்கிக் கட்டி முடிக்கும் சமயத்தில் 1991க்குப் பிந்தைய தாராளமயம் வந்து இறக்குமதி வரி குறைந்தது. வெளிநாட்டு பிலிம் கடைகளில் குவிந்தது, ஊட்டியில் வட்டி ஏறியது. 1990களின் நடுவில் நலிந்த நிறுவனம் என்று அறிவிக்கப்பட்டது. டிஜிட்டல் கேமராவைப் பலர் காரணமாகச் சொல்வார்கள். ஆனால் அது பரவலாகும் முன்பே ஆலை கடனில் மூழ்கிவிட்டது. பிறகு பல வருடம் வேலை குறைந்து, சம்பளத்துக்கு டெல்லியை எதிர்பார்த்து, கடைசியில் 2010களில் மிச்சமிருந்த தொழிலாளர்களும் விருப்ப ஓய்வில் அனுப்பப்பட்டார்கள். ஆலை மூடப்பட்டது. தேயிலையையும் சுற்றுலாவையும் விட்டால் பெரிய வேலை இல்லாத மலையில் இது சின்ன விஷயமில்லை.

பழைய எக்ஸ்ரேக்களைக் காயலான் கடைக்காரர்கள் வெள்ளிக்காக வாங்குவார்கள். காரத்தில் ஊறவைத்து வெள்ளியை எடுத்த பிறகு மிஞ்சுவது லேசான நீல நிறத்தில் சுத்தமான பாலியெஸ்டர் தாள். கீல் வெட்டுகிறவர்களுக்குக் கழுவும் வேலை மிச்சம்.